மாத்திரைக்கு மேல் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். சர்க்கரை நோய்க்கு எந்தக் கீரை, இதயத்துக்கு எந்த எண்ணெய் என்று வாராவாரம் வருகிறது. வேளை தவறாமல் விழுங்கும் மாத்திரை உடம்புக்குள் போய் வேறு என்னென்ன செய்யும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம்.

பக்க விளைவு என்றால் உடம்பெல்லாம் தடித்துப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. புதிதாக ஒரு நோய் வந்ததுபோல வேஷம் கட்டிக்கொண்டு வரும். அந்த நோய்க்கு இன்னொரு மாத்திரை சேரும்.

எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், கால் வீங்கிவிட்டது, சிறுநீரகம் போய்விட்டதோ என்று கலங்கி, வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் பிஸ்கட் டப்பா ஒன்றில் அள்ளிப்போட்டு எடுத்துவந்தார். ஒவ்வொன்றாக விசாரித்தேன். முதலில் இருந்தது முழங்கால் வலி. மருந்துக்கடையில் தானாகவே கேட்டு வாங்கி, அசெக்ளோபினாக் கலந்த வலி மாத்திரையைக் காலையும் இரவும் மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார். இந்த வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்த டாக்டர், அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். வலி மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். “அது சும்மா கால் வலிக்குத்தானே தம்பி” என்றார்.

அம்லோடிபின் அளவு கூடும்போது சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சாயங்காலம் செருப்பு இறுக்கிப் பிடிக்கும். அந்த வீக்கத்தைக் காட்ட வேறொரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து கசிவதால் வரும் வீக்கம் இது. நீர் மாத்திரைக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. கழிவறைக்கு நடப்பதுதான் மிச்சம். ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கினால் தலை சுற்றும். தலைசுற்றலுக்கும் ஒரு மாத்திரை அந்த டப்பாவில் இருந்தது. போதாக்குறைக்கு, வலி மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே கெடுதல். டப்பாவோடு முதல் டாக்டரிடமே அனுப்பிவைத்தேன். அவர் வலி மாத்திரையை நிறுத்தினார். அழுத்தம் இறங்கிய பிறகு அம்லோடிபினையும் குறைத்தார். வீக்கம் வடிந்தது.

இருமலும் இப்படித்தான். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடும் சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாகத் தீரும், எக்ஸ்ரேயும் எடுத்தாகிவிடும். டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னால் லோசார்டான் போன்ற ஒன்றை மாற்றித் தருவார். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. அட்டினோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடும்.

பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் பெயர் தெரிய வேண்டுமே! மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரை தருகிறார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி வேறொரு துண்டில். நம் கைக்கு வருவது இரண்டுமில்லாத நடுத்துண்டு. உறையின் மேல் பேனாவால் 1-0-1 என்று கிறுக்கியிருக்கும். இரண்டு கடையில் வாங்கிய இரண்டு கம்பெனி மாத்திரைக்குள் இருப்பது ஒரே மருந்து என்பது தெரியாமல் இரண்டையும் சாப்பிடுகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஜலதோஷ மாத்திரையோடு காய்ச்சல் மாத்திரையும் போட்டுக்கொண்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிவிடும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அரசு மருத்துவமனை ஜன்னலிலும் நிலைமை வேறல்ல. வரிசை தெருவரை நிற்கும்போது விளக்கம் சொல்ல நேரம் இருக்காது, அந்தப் பக்கம் நின்றவனுக்குத் தெரியும். ஆனாலும் உறையில் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுத அதிக நேரம் ஆகிவிடாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். வரும் ஊழியர்கள், “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், டப்பாவைக் காட்டுங்கள்” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போக ஏற்பாடு செய்தால் பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபடும்.

இன்னொன்று. மருந்தால் வந்த கோளாறு என்று சந்தேகம் வந்தால் நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. படிவம் தமிழிலும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு மருந்துக்கடையிலும் இந்த எண் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டு நான் பார்க்கவில்லை. கீரைக் குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, இதை வாராவாரம் தாங்கள் வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்