பூச்சி மாத்திரைக்கு அடங்காத புழு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெறுவோரைத் தாக்கும் தொற்றுகள் என்றதும் பாக்டீரியாவும் பூஞ்சையுமே நம் நினைவுக்கு வருகின்றன. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் வட்டாரங்களில் வெறுங்காலோடு நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்தவர்களின் குடலில் முன்னரே குடியேறியிருக்கக்கூடிய ஸ்டிராங்கிலாய்ட்ஸ் என்னும் புழுவைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது.

ஈரமண்ணில் இருக்கும் இதன் இளம்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. இது மனித உடலுக்குள்ளேயே மறுபடியும் மறுபடியும் தொற்றைப் புதுப்பித்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதால், வயலை விட்டு மதுரை நகருக்குள் வந்து 30 ஆண்டுகள் கழிந்தவரிடமும், எந்தத் தொந்தரவும் காட்டாமல், இருக்கலாம். நிணநீர் அணு சார்ந்த ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. பெருமளவில் பெருகும் இளம்புழுக்கள் குடற்சுவரைத் துளைத்து நுரையீரலுக்கும் சில வேளைகளில் மூளைக்கும் பரவுவதோடு, குடலிலுள்ள பாக்டீரியாக்களையும் ரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. அந்தக் காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் வெறும் நிமோனியா என்று எண்ணி நாள் கடத்தினால் நோயாளியைக் காப்பாற்றுவது மிகக் கடினம். புழுத்தொற்றின்போது வழக்கமாகக் கூடும் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் கூடவில்லையே என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அவை கூடாமலே போகலாம்.

பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரப்படும் 'பூச்சி மாத்திரை' அல்பெண்டசோல் ஆகும். அது உருண்டைப்புழுவுக்கு நல்ல மருந்து. இந்தப் புழுவுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. இதற்கு ஐவர்மெக்டினே முதன்மை மருந்து. கொரோனா காலத்தில் தேவையே இல்லாமல் பலர் கடைகளில் வாங்கி விழுங்கிய அதே மாத்திரைதான்!

இளம்புழுக்கள் எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. எனவே ஒரே ஒரு மலப் பரிசோதனையில் 'புழு இல்லை' என்று வருவதை முடிவாகக் கொள்ளாமல், வெவ்வேறு நாட்களில் மாதிரி எடுத்துப் பார்ப்பதும், வசதியுள்ள இடங்களில் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் சோதனை செய்வதும் அவசியம். புற்றுநோய் சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போட முடியாத நிலையில், முடிவு வரும் முன்பே ஐவர்மெக்டின் தரலாமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கலாம்.

மதுரை மாவட்ட மருத்துவமனைகளில் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன், 'வயல்வேலை செய்ததுண்டா, வெறுங்காலோடு நடந்த பழக்கம் உண்டா' என்ற கேள்வியை நோயாளியின் கேஸ் ஷீட்டில் அச்சிட்டே சேர்த்துவிடுமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மேலூர், மதுரை மாவட்டம்.