டிப்ஸ் யாருக்குச் சேர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாப்பிட வருபவருக்கு நியாயம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால், அவர் மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் தொழிலாளியின் கைக்குப் போகிறதா என்று கேட்க நாட்டில் சட்டம் இல்லை.

ரொக்கமாகத் தட்டில் வைத்த காலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. இன்று 950 ரூபாய் பில்லுக்கு யுபிஐ-யில் 1,000 அனுப்பினால் அந்த 50 ரூபாய் முதலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பில்லிங் மெஷினில் டிப்ஸுக்குத் தனிப் பதிவு இல்லையென்றால், இரவு கல்லாக் கணக்கு முடிக்கும்போது அது வெறும் கூடுதல் வரவு. எந்த டேபிள், எந்த சப்ளையர் என்ற தடயமே மிஞ்சாது.

டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் தருவது, முதலாளி தரும் சம்பளம் அல்ல என்று 2016-இல், ஓட்டல்களும் நடத்தும் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வருமான வரிப் பிடித்தம் பற்றிய வழக்கு அது. அந்த அளவில் தொழிலாளிக்கு நல்லதுதான். ஆனால், சம்பளம் இல்லை என்றால் சம்பளத்துக்கு உள்ள பாதுகாப்பும் கிடைக்காது.

கண்ணாடி டம்ளர் உடைந்ததற்குப் பிடித்தம் செய்வதையே பாருங்கள். 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, சம்பளத்தில் அப்படிப் பிடிக்க வேண்டுமானால் அந்தப் பொருள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவால்தான் சேதம் வந்திருக்க வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். சேதத்தின் மதிப்புக்கு மேல் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. அதே தொகையை டிப்ஸ் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டால் இந்த நிபந்தனை எதுவும் குறுக்கே வராது. யாரோ உடைத்ததற்கு எல்லோர் பங்கும் குறைகிறது. இது அப்பட்டமான அநியாயம்.

பிரிட்டன் இதற்கென்றே 2023-இல் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரி தவிர வேறு பிடித்தம் கூடாது. கார்டு நிறுவனத்துக்கான கட்டணத்தைக்கூடக் கழிக்க முடியாது. ஒரு மாதம் வசூலான டிப்ஸ் அடுத்த மாத முடிவுக்குள் தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. மூன்று ஆண்டுக் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும்.

நமக்கும் இதே வழி பொருந்தும். பங்கு பிரிப்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. 'ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுங்கள்' என்பது எளிய யோசனை. ஆனால் அடுப்படியில் வேகும் மாஸ்டருக்கும், பாத்திரம் கழுவுபவருக்கும், டேபிள் துடைக்கும் கிளீனருக்கும் அதில் எதுவும் வராது. எந்த வேலைக்கு எத்தனை பங்கு என்பதைத் தொழிலாளர்களைக் கலந்து முடிவு செய்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும். நிர்வாகத்துக்குப் பங்கு கூடாது. சம்பளச் சீட்டிலேயே டிப்ஸ் தொகையைத் தனியாகக் காட்ட வேண்டும். குறைந்தபட்சக் கூலியை ஈடுகட்ட அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தமிழக எம்.பி.க்கள் தனிநபர் மசோதாவாகவாவது இதை அடுத்த கூட்டத்தொடரில் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓட்டல் தொழிலாளர் சிலர்