நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் பாடம் எடுக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த பருவத்திலிருந்து குடிமையியல் வகுப்பும் உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். மதம் பற்றிய பேச்சு வந்தால் நழுவிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். நழுவாதே அம்மா. வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிற பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ வாயை மூடிக்கொண்டால் வாட்ஸ்அப் வதந்திதான் அவர்களுக்குப் பாடம் எடுக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கவும் பார்க்காதே. நைஜீரிய அரசு அப்படிச் செய்து பார்த்தது. கிறித்தவம், இஸ்லாம், குடிமையியல், சமூக அறிவியல் எல்லாம் 'மதமும் தேசிய விழுமியங்களும்' என்ற ஒரே பாடத்துக்குள் வந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் அடுத்தவர் மதத்தைத் தங்கள் பிள்ளைக்குள் திணிக்கிறார்களோ என்று பெற்றோர் பயந்தார்கள். 2017ல் கிறித்தவ அமைப்புகள் கடுமையாக எதிர்க்க, மதப் பாடங்களைத் தனியே பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தைச் சாதாரணமாக எண்ணாதே. தன் மதமல்லாத போதனையைக் கேட்கும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொல்கிறது. போதிப்பது வேறு, தெரியவைப்பது வேறு. இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடு.

அப்புறம், கடூனா கதையைச் சொல். உன் ஊரிலிருந்து ரயில் போகிற ஊர்தானே. கடூனா மாநிலத்தில் 1992ல் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் இமாம் முகமது அஷாஃபாவும் பாஸ்டர் ஜேம்ஸ் வூயேயும் எதிரெதிர் பக்கம் நின்று சண்டையிட்டவர்கள். வூயேக்கு ஒரு கை போயிற்று. அஷாஃபா தன் குருவையும் உறவினர் இருவரையும் பறிகொடுத்தார். பழிதீர்க்க நினைத்த அந்த இருவரும் 1995ல் சேர்ந்து சமாதானப் பணியைத் தொடங்கினார்கள். ஒரே நாளில் மனம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லாதே. கூட வேலை செய்தபோதும் சந்தேகம் போக வருடங்கள் ஆயின. பிள்ளைகளுக்கு அந்த வருடங்களைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பேன்.

வகுப்பில் யோருபா இனத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பேச விடு. அண்ணன் முஸ்லிம், தங்கை கிறித்தவர் என்ற வீடுகள் அவர்களிடம் சகஜம். சல்லா என்று அங்கே சொல்கிற பக்ரீத் அன்று ஆட்டுக்கறி எந்தெந்த வீட்டுக்குப் போகிறது, கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டிலிருந்து சோறு வருகிறது என்று கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணா