'குட்' எப்போதும் இறந்தகாலம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'கேன்' (can) என்பதன் இறந்தகால வடிவமே 'குட்' (could) என்று மட்டும் கற்று, பென்னாகரத்தில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள், 'குட் யூ கம் டுமாரோ' (நாளை வர இயலுமா) என்னும் பணிவான வேண்டுகோளில் நாளையைக் கண்டு திகைக்கிறார்கள். முதன்மை வினையோடு சேர்ந்து வரும் 'கேன்', 'குட்' போன்ற இத்துணைவினைகளின் காலத்தைப் பல இடங்களில் 'நேற்று', 'நாளை' போன்ற சொற்களே தெளிவாக்குகின்றன. 'மஸ்ட்' (must) என்பதற்குத் தனி இறந்தகால வடிவம் இல்லாததால், நேற்றைய நிகழ்வை ஊகிக்க 'மஸ்ட் ஹேவ் கம்' என்கிறார்கள். நம் 'நேற்று வந்திருக்க வேண்டும்' என்பதும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்தது. ஆனால் அது ஊகத்தையும், வராமற்போன குறையையும் ஒருசேர உணர்த்த, ஆங்கிலமோ பின்னதை 'ஷுட் ஹேவ் கம்' (should have come) என்று பிரித்துச் சொல்கிறது. தமிழை அருகில் வைத்து இதனை விளக்கும் கட்டுரைகளைத் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.