மே மாதம் வேண்டாம், அக்டோபரில் வாருங்கள்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். பிள்ளைகளுக்குப் போன வாரம் பள்ளி திறந்துவிட்டது. வீடு ஒருவழியாக அமைதியாக இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

போனில் இந்தப் பேச்சு முடிகிறதே இல்லை. நான் வாயைத் திறந்ததும், "வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு டெக்சாஸ் என்ன பெரிய டெக்சாஸ்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறீர்கள். அம்மாவோ தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்த நாளிலிருந்து அழுகைக் குரலிலேயே பேசுகிறாள். நீங்கள் இருவரும் அடுத்த மே மாதம் வரவேண்டும் என்பது உங்கள் திட்டம். பேரப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை என்பது உண்மைதான். ஆனாலும் மே மாதம் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணம் இல்லாமல் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் வெயில். இங்கும் பாரன்ஹீட் கணக்குதான், நம் ஊர்ப் பத்திரிகைகளைப் போலவே. 100 டிகிரியைத் தாண்டினால் இங்கும் அது செய்திதான். நம் ஊரில் கத்திரி வெயில் மே கடைசியில் முடிந்துவிடும். ஜூன், ஜூலையில் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழையாவது பெய்யும். இங்கே அந்தக் கருணை எல்லா வருடமும் கிடைப்பதில்லை. 2023இல் எங்கள் பக்கத்துப் பெரிய ஊரான ஆஸ்டினில் ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 21 வரை 45 நாள் தொடர்ந்து சதம். அதற்கு முந்தைய சாதனை 2011இல் 27 நாள். அந்த 2023 கோடையில் நான் இங்கே இருந்தேன், அப்பா. காரின் சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டுச் சின்னவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று, இங்கே உச்சி வெயில் என்பது பன்னிரண்டு மணி அல்ல. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். சூரியன் தலைக்கு நேராக வருவதே ஒன்றரை மணிக்கு. வெயில் உச்சத்துக்குப் போவது மாலை ஐந்து மணி வாக்கில். நீங்கள் காப்பி குடித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பும் நேரம் அது. எட்டரை மணிக்குத்தான் இருட்டும். நீங்கள் விடியற்காலையில் நடப்பதற்கு ஒப்புக்கொண்டாலும், சாயங்கால நடையை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் இருந்தால் என்ன என்பீர்கள். நம் வீடு செங்கல் சுவர், மேலே மொட்டை மாடி. மின்சாரம் போனால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, ராத்திரி மாடியில் பாயைப் போட்டுப் படுத்துவிடலாம். இங்கே வீடு மரச்சட்டத்தில் அட்டையும் பஞ்சும் வைத்துக் கட்டியது. குளிரைச் சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் கட்டியிருக்கிறார்கள், ஏ.சி. நின்றுபோனால் கூரைக்கடியில் இருக்கும் வெப்பமெல்லாம் மெல்ல இறங்கிவரும். அந்த 2023 கோடையில், வெளியே நிற்கும் ஏ.சி. யூனிட்டில் கெப்பாசிட்டர் என்ற பாகம் போய்விட்டது. ஊர் முழுக்க அதே பிரச்சினை என்பதால் பழுதுபார்க்க ஆள் வர இரண்டொரு நாள் ஆகும் என்றார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டுக்குள்ளேயே 92 டிகிரி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தோம். வெயில் காலத்தில் இங்கே நூலகம் என்பது பாதி பேருக்கு நிழற்குடை. அதே வருடம் செப்டம்பர் 6ஆம் தேதி மாநில மின் தொகுப்பை நடத்துகிறவர்கள் நெருக்கடி நிலை அறிவித்து, மக்கள் மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். டெக்சாஸின் மின் தொகுப்பு பெரும்பாலும் தனித் தொகுப்பு, பக்கத்து மாநிலங்களிலிருந்து வேண்டிய அளவு வாங்கிக்கொள்ள முடியாது. நல்லவேளையாக மின்வெட்டு வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. இந்த வெயிலுக்கும் அதற்கும் ஒத்துவராது. இதை நான் சொல்வதைவிட உங்கள் டாக்டரே சொல்லட்டும், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஊரின் நடுவே நெடுஞ்சாலை 35 ஓடுகிறது. அதற்கு மேற்கே சுண்ணாம்புக்கல் மேடு. கிழக்கே நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியே கறுப்பு மண். கோடையில் அந்த மண் காய்ந்து பிளக்கும். பிளந்தால் மேலே நிற்கும் வீடும் அசையும். அதனால் கிழக்குப் பக்கத்து மக்கள் வீட்டைச் சுற்றி ஓட்டைக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். 2023இல் ஆஸ்டினில் புல்லுக்குத் தானியங்கிக் குழாயில் தண்ணீர் விட வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அனுமதி. புல் கருகினால் கருகட்டும், வீடு நின்றால் போதும் என்ற நிலை.

சரி, ஆகஸ்ட்தானே கொடுமை, மே மாதம் என்ன என்று கேட்பீர்கள். மே மாதம் இடிமழையின் மாதம். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்றும், மேற்கே பாலைப் பக்கத்திலிருந்து வறண்ட காற்றும் வந்து மோதும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம். பிற்பகல் வரை வானம் வெளுத்துக் கிடக்கும். நாலு மணிக்கு மேற்கே காலிஃபிளவர் பூத்ததுபோல் ஒரு மேகம் எழும்பும். அதற்கப்புறம் எதையும் சொல்ல முடியாது. 1997 மே 27ஆம் தேதி, இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஜாரெல் என்ற சிற்றூரில் சூறாவளிச் சுழல் இறங்கி 27 பேர் இறந்தார்கள். வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் மட்டும் மிஞ்சியது. 2022 மார்ச்சில் எங்கள் ரவுண்ட் ராக்கிலேயே ஒன்று இறங்கியது. இங்கே வீடுகளுக்கு நிலவறை கிடையாது. எச்சரிக்கை வந்தால் ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போகவேண்டும். எங்களுக்கு அது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் துணி அலமாரி. பிள்ளைகள் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் புடவைகளுக்கு நடுவே உட்காருவார்கள். அந்த இடத்தில் உங்களையும் அம்மாவையும் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. அம்மாவின் முழங்கால் அதற்கு மடங்காது.

ஆலங்கட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிறுவயதில் நாம் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்ட ஆலங்கட்டி அல்ல இது. கோல்ஃப் பந்து அளவும் அதற்கு மேலும். காலையில் பார்த்தால் தெருவில் ஒரு கார் கண்ணாடியும் முழுதாக இல்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து கூரை போடுகிறவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். இன்சூரன்ஸ் முழுவதையும் கொடுத்துவிடாது. ஆலங்கட்டிக்கு மட்டும் வீட்டு மதிப்பில் ஒன்று, இரண்டு சதவீதம் நம் கையிலிருந்து போகும்படி பாலிசி எழுதியிருப்பார்கள். உங்கள் மாப்பிள்ளை அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி அம்மா பயந்த விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 4ஆம் தேதி விடியற்காலையில் வெள்ளம் வந்தது கெர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), குவாடலூப் ஆற்றில். எங்களுக்கு அது இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். முக்கால் மணி நேரத்தில் ஆறு சுமார் 26 அடி ஏறியது. ஆற்றங்கரையில் இருந்த கேம்ப் மிஸ்டிக் என்ற முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். மாநிலத்தில் மொத்தம் 130 பேருக்கு மேல். மறுநாள் எங்கள் பக்கம், லியாண்டர் அருகே சாண்டி க்ரீக் ஓடையிலும் வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அம்மா கேட்டபோது "அது ரொம்ப தூரம்" என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது செய்தி தூரம் இல்லை.

பொதுப்பணித் துறையில் ஏரி ஏரியாக, மதகு மதகாகச் சுற்றியவர் நீங்கள், இதன் காரணம் உங்களுக்குச் சட்டென்று புரியும். வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைத் தாண்டி இந்தச் சுண்ணாம்புக்கல் மேட்டில் முட்டி மேலே எழும்புகிறது. மழை ஒரே இடத்தில் நின்று கொட்டுகிறது. மேட்டில் மண் கைப்பிடி அளவுதான், அதற்குக் கீழே பாறை. உறிஞ்ச ஒன்றும் இல்லை, தேக்கிவைக்க நம் ஊர் போல ஏரிச் சங்கிலியும் இல்லை. விழுந்த நீர் அத்தனையும் ஓடைக்கு ஓடுகிறது. ஜூலை மழைக்கு மெக்சிகோவில் கரையேறி மடிந்த பாரி என்ற புயலின் மிச்ச ஈரமும் சேர்ந்துகொண்டது. இது புதிதும் அல்ல. 1921 செப்டம்பரில் எங்கள் வில்லியம்சன் கவுண்டியில் உள்ள த்ரால் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 38 அங்குலம் பெய்திருக்கிறது. வேலூரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய அவ்வளவுதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

நம் பாலாற்றில் தண்ணீர் வந்தால் என்ன செய்வோம்? 2021 நவம்பரில் நினைவிருக்கிறதா, ஊரே பாலத்தில் நின்றது. கற்பூரம் கொளுத்தினார்கள். நீங்களும் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் படம் அனுப்பினீர்கள். மேலே ஆந்திராவில் அணை நிரம்பி, திறந்துவிட்டு, செய்தி வந்து, பிறகு தண்ணீர் வரும். இங்கே அந்த இடைவெளி கிடையாது. இங்கே தண்ணீரைப் பார்க்கப் போவதுதான் ஆபத்து. அதைவிட ஆபத்து, காரில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற தைரியம்.

கிராமத்துச் சாலைகள் பல ஓடைகளைப் பாலம் இல்லாமலே தாண்டுகின்றன, நம் பக்கத்துத் தரைப்பாலம் போல. ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய வெள்ளைக் கம்பம் நட்டிருக்கும். வறண்ட நாளில் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஐந்தடி வரை எழுதி எதற்கு என்று. ஓடும் நீர் ஆறு அங்குலம் இருந்தாலே பெரியவர் ஒருவரைத் தள்ளிவிடும். ஓரடி சின்னக் காரை நகர்த்திவிடும். இரண்டடி பெரிய வண்டிகளையும் தூக்கிப் போகும். வெள்ளத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காரோடு போனவர்கள். தடுப்பைச் சுற்றி ஓட்டிப் போனால் அபராதத்தோடு சிறையும் உண்டு, ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் யாராவது போகத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊரின் பெயரே அப்படி ஓடையைக் கடந்த இடத்துப் பாறை ஒன்றின் பெயர்தான். பிரஷி க்ரீக் ஓடையின் நடுவே மேசைபோல் வட்டமான அந்தப் பாறை நிற்கிறது. அந்தக் காலத்தில் வண்டிகள் ஆழம் குறைந்த இடம் எது என்று அதை வைத்துத்தான் அடையாளம் கண்டு கடந்தன. சக்கரத் தடம் சுண்ணாம்புக்கல்லில் இன்னும் தெரிகிறது. நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன், வறண்ட நாளில்.

அதனால் அடுத்த வருடம் அக்டோபர் நடுவில் வாருங்கள். அக்டோபர் முழுக்கச் சாதுவான மாதம் என்று பொய் சொல்லமாட்டேன். 2018 அக்டோபரில் லானோ ஆறு பெருகிப் பாலத்தையே அடித்துப்போனது. ஏரிகளில் சேறு கலந்து, ஆஸ்டினில் ஒரு வாரம் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். ஆனால் வெயில் தணிந்துவிடும், நீங்கள் இரண்டு வேளையும் நடக்கலாம். அடுத்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாள். அம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்க ஒரு நாள் முன்னதாகவே லீவு போட்டுவிடுகிறேன். நவம்பர் கடைசியில் ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் என்று பிள்ளைகளுக்கு விடுமுறையும் இருக்கிறது. பிப்ரவரிக் குளிருக்குள் நீங்கள் திரும்பிவிடலாம். டெக்சாஸில் குளிரும் ஒரு கதைதான், அதைத் தனியாக எழுதுகிறேன்.

வடமழை நேரத்தில் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று அம்மா கேட்பாள். சின்ன மாமா மேல்மாடியில் தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், நான் கேட்டுவிட்டேன். மாடித் தண்ணீர்க் குழாய் அடைப்பை மட்டும் அடுத்த ஆடிக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சம்மதம் என்றால் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், அவர் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டே இருக்கிறார். உங்கள் பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்