இந்த ஆண்டு நம் மரத்தில் ஆலிஸ்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன டிசம்பரில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். பள்ளி முகப்பில் கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தி, பெட்டியில் இருந்த பளபளக்கும் உருண்டைகளை ஆசிரியர்கள் நாங்களே மாலையில் மாட்டி முடித்தோம். மறுநாள் காலையில் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி மரத்தருகே வந்து நின்று, "தொடலாமா மிஸ்?" என்று கேட்டாள். உடைந்துவிடும், வேண்டாம் என்று சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு பிள்ளைகள் அந்த மரத்தைக் கடந்து போனார்கள், வந்தார்கள். யாரும் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. பின்னால் கட்டிய அந்தக் கைகள் மட்டும் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன.

அதனால் இந்த ஆண்டு மரம் முழுக்கப் பிள்ளைகளின் பொறுப்பு. ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, அதில் வரும் பொருள்களைத் தாங்களே செய்து மாட்டப் போகிறார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்திருப்பது லூயிஸ் கரோலின் 'அற்புத உலகில் ஆலிஸ்'.

இந்தக் கதையில் கிறிஸ்துமஸே வராதே என்று சிலர் கேட்கலாம். கதைக்குள் வராது, உண்மைதான். ஆனால் புத்தகம் பிறந்த விதத்தில் கிறிஸ்துமஸ் இருக்கிறது. 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்துவந்த சார்லஸ் டாட்ஜ்சன் மூன்று சகோதரிகளைப் படகில் அழைத்துப் போனார். வழியில் வாய்க்கு வந்தபடி ஒரு கதையைச் சொன்னார். நடுப்பெண் ஆலிஸுக்கு அப்போது வயது 10. இதை எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். அவர் கையாலேயே எழுதி, 37 படங்களையும் தானே வரைந்து, 1864 நவம்பரில் அந்த நோட்டை அவளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார். அதைப் பெருக்கி எழுதி, ஜான் டென்னியல் வரைந்த 42 படங்களோடு, லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865இல் புத்தகமாக்கினார். ஒரு குழந்தை கேட்டதற்காக இரண்டு ஆண்டுக்கு மேல் செலவிட்டுக் கையால் செய்த பரிசு அது. நம் மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் திட்டத்தைச் சொல்கிறேன். வெள்ளை முயலின் பின்னால் ஓடி ஆலிஸ் வளைக்குள் விழும்போது, மெதுவாக, வெகுநேரம் விழுகிறாள். சுவரெல்லாம் அலமாரிகள், புத்தகத் தட்டுகள், ஆணிகளில் தொங்கும் வரைபடங்கள், படங்கள். போகிற போக்கில் ஒரு ஜாடியை எடுத்துப் பார்க்கிறாள், அது காலியாக இருக்கிறது. நம் மரம்தான் அந்த முயல் வளை. உச்சியில் நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கடிகாரத்தைப் பார்த்தபடி முயல். அங்கிருந்து கீழே இறங்க இறங்கக் கதையும் நகரும். அடியில், கதையில் உள்ள அதே அளவில், 15 அங்குல உயரத்துக்கு அட்டையில் ஒரு குட்டிக் கதவு. சிறு பிள்ளைகள் குனிந்து அதற்குள் எட்டிப் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பதை மூன்றாம் வகுப்பு ரகசியமாக வைத்திருக்கிறது, எனக்கே இன்னும் சொல்லவில்லை.

புத்தகத்தில் 12 அத்தியாயங்கள். வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைக்கு எது வந்திருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கும். பித்தன் தொப்பிக்காரனின் தேநீர் விருந்து கிடைத்த வகுப்பில் ஒரே கொண்டாட்டம். அந்த விருந்தில் நேரம் எப்போதும் ஆறு மணியிலேயே நின்றுவிடும். அதனால் அவர்கள் செய்யும் அத்தனை அட்டைக் கடிகாரங்களிலும் முள் ஆறில்தான் இருக்கும். தவறு என்று நினைத்துத் திருத்தி அனுப்ப வேண்டாம்!

எனக்கு மிகவும் பிடித்தது சிரிக்கும் பூனை. கதையில் அது வால் நுனியிலிருந்து மெல்ல மறைந்து, கடைசியில் சிரிப்பு மட்டும் மிஞ்சும். வட்ட அட்டையின் ஒரு பக்கம் முழுப் பூனை, மறுபக்கம் வெறும் சிரிப்பு என்று வரையச் சொல்லியிருக்கிறோம். ஒற்றை நூலில் தொங்குவது சிறு காற்றுக்கும் தானாகத் திரும்பும். பூனை வரும், போகும். இதைக் கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். பெரியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

எட்டாம் அத்தியாயத்தில், சீட்டுக்கட்டுச் சீட்டுகளே ஆட்களாக வரும் தோட்டக்காரர்கள் வெள்ளை ரோஜாக்களுக்கு அவசர அவசரமாகச் சிவப்பு அடிப்பார்கள். வெள்ளைச் செடியைத் தவறி நட்டுவிட்டார்கள், ராணிக்குத் தெரிந்தால் தலை போய்விடும். நாமும் வெள்ளைத் தாளில் ரோஜா செய்து, பாதிக்குச் சிவப்பு பூசி அப்படியே விடப் போகிறோம். பண்டிகைக்குரிய சிவப்பும் வெள்ளையும் கதையிலிருந்தே வந்துவிட்டன. பள்ளியில் சீட்டுக்கட்டா என்று யாரும் தயங்க வேண்டாம். நிஜச் சீட்டு எதையும் தொங்கவிட மாட்டோம், கதைமாந்தர்களைப் பிள்ளைகளே வரைவார்கள்.

சரி, இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். முதலாவது, தயவுசெய்து உங்கள் பிள்ளைக்கு வந்திருக்கும் அத்தியாயத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எது வருகிறதோ அதில். படித்துக் காட்ட நேரம் இல்லாத வீடுகளுக்காக மதிய இடைவேளையில் நூலகத்தில் நானே தினமும் வாசிக்கிறேன். இரண்டாவது, கடையில் எதையும் வாங்கி அனுப்பாதீர்கள். ஒரு பிள்ளை வாங்கிய பொம்மையோடு வந்தால், அட்டையில் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்த பிள்ளையின் முகம் வாடிவிடும். கோணலாக இருந்தாலும், பசை வழிந்திருந்தாலும் அவர்கள் செய்ததே வேண்டும். நீங்கள் கத்தரிக்கோலைப் பிடித்துக் கொடுத்தால் போதும். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளும் நம்மிடம் உண்டு. கதை படிப்பதும் கைவேலை செய்வதும் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். அதற்கு மேல் ஏதாவது சங்கடம் இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள்.

பூட்டு தொலைந்து சாவி மட்டும் கிடக்கிறதா? அதை அனுப்புங்கள். கதையில் கண்ணாடி மேசை மேலிருந்த பொன் சாவிக்காகச் சேர்க்கிறோம். கனமானவற்றைத் தண்டுக்கு அருகே கிளையின் உள்பக்கத்திலும், தாளில் செய்தவற்றை நுனியிலும் மாட்டுவோம். கண்ணாடி, பீங்கான், மணி, பட்டன் வேண்டாம். மழலையர் வகுப்புக் குழந்தைகள் கீழே கிடப்பதை வாயில் போட்டுவிடுவார்கள். புட்டிகளும் காலி அட்டைப் புட்டிகளாகவே இருக்கும். குடிக்கச் சொல்லிச் சீட்டு கட்டிய புட்டியைக்கூட, விஷம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆலிஸ் குடித்தாள். அந்த இடத்தை வீட்டில் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். விளக்குச் சரத்தை எல்லாவற்றுக்கும் முன்பே சுற்றிவிடுவோம். தாள் பக்கத்தில் இருப்பதால் அதிகம் சூடேறாத எல்.இ.டி. மட்டும்தான், பள்ளி முடிந்ததும் இணைப்பைப் பிடுங்கிவிடுவோம். மரம் சாயாதபடி சுவரோடு கட்டவும் ஏற்பாடு செய்தாயிற்று.

செய்த பொருள்கள் டிசம்பர் முதல் வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேரட்டும். பின்பக்கத்தில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் பென்சிலில் இருக்க வேண்டும், விடுமுறைக்கு முன் அவரவர் பொருளை அவரவரிடமே கொடுத்துவிடுவோம். அடுத்த திங்கள் காலையில் மாட்டத் தொடங்குகிறோம். கைக்கு எட்டும் கிளைகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். உச்சியில் முயலை ஏற்ற ஏணியில் நிற்கக்கூடியவர் ஒருவரும், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் தேவை. வர முடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்