அரிசிப் பொட்டலம்

ஏற்காடு,
நவம்பர் 14

அன்புள்ள மரகதம்,

ஜூலையில் நீ கேட்ட கேள்விக்கு நவம்பரில் பதில் எழுதுகிறேன். கட்டுரை நோட்டைத் தாமதமாகக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு நீ கொடுக்கும் தண்டனை எதுவோ அதை எனக்கும் கொடுத்துவிடு. பிலோமினா டீச்சர் கொடுப்பதை மட்டும் கொடுத்துவிடாதே. நீ மூன்று முறை அழைத்தபோதும் மழை என்றும் மின்சாரம் இல்லை என்றும் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மின்சாரம் இருந்தது. உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் என்றால் உன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்ற கோழைத்தனத்தோடுதான் இதைத் தொடங்குகிறேன்.

நலச் செய்தி இரண்டு வரிதான். முழங்கால் அப்படியே இருக்கிறது. காப்பிப் பழம் சிவந்துவிட்டது, பறிக்க ஆள் இல்லை. சென்ற மாதம் ஒரு காட்டெருமை நம் பின்வேலியைச் சாய்த்து, நீ நட்டுவைத்த ஆரஞ்சுக் கன்றையும் மிதித்துவிட்டுப் போயிற்று.

அமெரிக்காவில், மில்வாக்கியில் உன் மகள் வீட்டு வாசலில் யாரோ எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பையைப் பற்றியும், அதிலிருந்த இனவெறித் துண்டறிக்கை காற்றில் பறந்துவிடாமலிருக்க அதற்குள் ஒரு கைப்பிடி அரிசி போட்டிருந்ததைப் பற்றியும் நீ சொன்னபோது, "நாட்டை விட்டுப் போ என்கிறவன் வாய்க்கரிசியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறான்" என்றேன். நீயும் சிரித்தாய். சிரித்து முடித்தபிறகு, உன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஓக் கிரீக் சீக்கியக் குருத்வாராவில் 2012 ஆகஸ்ட் 5 அன்று ஒருவன் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றதைச் சொன்னாய். "இவர்கள் பிறக்கும்போதே இப்படியா ராஜி, இல்லை யாராவது இப்படி ஆக்குகிறார்களா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். படித்து முடிப்பதற்குள் விடை என் தம்பி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

படித்ததை முதலில் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கேத்லீன் பிளீ, 1990களில் அமெரிக்க இனவெறி அமைப்புகளில் இருந்த 34 பெண்களைத் தேடிப்போய், ஒவ்வொருத்தியையும் தன் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லவைத்துக் கேட்டிருக்கிறார். குடிகாரத் தகப்பன், பட்டினி, பாதியில் நின்ற படிப்பு என்று நான் எதிர்பார்த்துக்கொண்டு படித்தேன். பெரும்பாலோர் ஏழைகளும் இல்லை, படிக்காதவர்களும் இல்லை, அடிபட்டு வளர்ந்தவர்களும் இல்லை. அவர்களில் பலரும் வெறுப்பு முற்றிப்போய் அமைப்பைத் தேடிச் சென்றவர்கள் அல்லர்; தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார், போனார்கள், பழகினார்கள், யாரை எதற்காக வெறுக்கவேண்டும் என்பதை உள்ளே போன பிறகு கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டபின் தங்கள் பழைய வாழ்க்கையையே திருத்தி எழுதி, என்றோ நடந்த ஒரு சம்பவம்தான் தங்கள் கண்ணைத் திறந்தது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதே அம்மையார் அதற்கு முன்னர் 1920களின் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் பெண்களைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார். 1915இல் ஜார்ஜியாவில் மறுபடி தொடங்கப்பட்டு ஐந்து ஆண்டாகியும் அந்த அமைப்பில் சில ஆயிரம் பேருக்கு மேல் இல்லையாம். 1920இல் இரண்டு விளம்பரக்காரர்களை, அவர்களில் ஒருவர் பெண், ஆள்சேர்க்க அமர்த்தினார்கள். சேர்வதற்குப் பத்து டாலர் கட்டணம், அதில் நான்கு டாலர் ஆளைக் கொண்டுவந்தவனுக்கு. சீட்டுக்கு ஆள்பிடிக்கும் நம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் கூட இவ்வளவு கமிஷன் கேட்கமாட்டார்கள்! 1923இல் பெண்களுக்கென்று தனி அமைப்பு வந்தது. யூதர் கடையில் வாங்காதே, கத்தோலிக்கர் இப்படி, கறுப்பர் அப்படி என்று வீடுவீடாகக் காதோடு காதாகப் பரப்புவதே இந்தியானாவில் அந்தப் பெண்களுடைய பெரிய பணியாக இருந்திருக்கிறது. அறுபது ஆண்டு கழித்து, கிழவிகளாகிவிட்ட அவர்களிடம் பிளீ பேசப்போனபோது, பலர் குற்றவுணர்ச்சி கொஞ்சமும் இல்லாமல், தோழிகளோடு கூடிக் களித்த நல்ல காலம் அது என்று நினைவுகூர்ந்தார்களாம். கொலைகாரனைப் பற்றிப் படித்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை, மரகதம். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சிரித்தபடி கூட்டத்துக்குப் போன அந்தப் பெண்களை நினைத்தால்தான் அடிவயிறு கலங்குகிறது.

கூட்டம் சேர்வதற்குப் பெரிய காரணம்கூடத் தேவையில்லை போலிருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரருகே 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இரண்டு குழுவாகப் பிரித்தார். ஓவியங்களில் யாருக்கு எது பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொல்லிவிட்டு, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தார். பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னபோது, தம் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவை விடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்றே பலரும் பங்கிட்டார்கள். இதை உனக்கு விளக்கவேண்டுமா? விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் நீல அணி, சிவப்பு அணி என்று நாமே துணி கிழித்துக் கட்டிவிட்டு, நாலாம் நாள் ரெட்டைப் பின்னல்காரிகள் இருவரையும் பிரித்துவிட நாம் பட்ட பாட்டை நீ மறந்திருக்கமாட்டாய்.

இனி தீபன். என் தம்பி மகனை நீ கடைசியாகப் பார்த்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. இப்போது 23 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, கூரியர் கம்பெனியில் பொட்டலம் சுமக்கிறான். மார்ச்சில் அவன் அம்மாவுக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை நடந்தது, ரத்தம் தேவைப்பட்டது. தம்பி இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைத்திருக்கிறான். நான் மறுநாள் காலையில்தான் பார்த்தேன். சொந்தக்காரர் யாரும் வரவில்லை. எங்கள் சாதிச் சங்கத்து இளைஞரணிப் பையன்கள் நான்கு பேர், அதுவரை இவன் முகத்தையே பார்த்திராதவர்கள், இரவு இரண்டு மணிக்கு பைக்கில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, கேன்டீனில் இவனுக்கு இட்லியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் இவன் படம் பதாகையில் வந்தது. அதற்கடுத்த மாதம் ஒன்றியத் துணைச் செயலாளர். வீட்டில் பால் வாங்கிவா என்பதற்கு மட்டும் கூப்பிடப்பட்ட பையனை, மேடையில் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆடி முடிவதற்குள், பக்கத்துக் காலனியில் தன்னோடு பத்து வருடம் கிரிக்கெட் ஆடிய பையன்களைப் பற்றி அவன் கைபேசி ஸ்டேட்டஸில் போட்டவற்றை நான் இங்கே எழுதமாட்டேன்.

செப்டம்பரில் மலையிறங்கிப் போனேன். கத்தலாம் என்றுதான் போனேன். பேச்சு முற்றியபோது அவன் உன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னான். சிறுவயதில் உன் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதவன், "மரகத அத்தை" என்று எனக்கு முன்பாக உன்னைத் தேடியவன், உன் பெயரைச் சொல்லாமல் உன் சாதியைச் சொன்னான். அவன் கன்னத்தில் அறைந்தேன். அது சரியென்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இந்த இரண்டு மாத மௌனம் இதனால்தான்.

2015இல் ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரிப் பையனைச் சாதி அமைப்பு ஒன்றின் ஆட்கள் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்திப்போய்க் கொன்று, உடலை ரயில் பாதையில் போட்டதை நீயும் நானும் எத்தனை இரவு பேசியிருப்போம். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தபோது எல்லாரும் அந்த அமைப்பின் தலைவனைப் பற்றியே பேசினார்கள். எனக்கு இப்போது மற்ற ஒன்பது பேரின் நினைப்பாகவே இருக்கிறது. அவர்களில் எவன் எந்த இரவில் யாருடைய இட்லியைத் தின்றான், எவனுடைய அத்தை கைபேசியை எடுக்காமல் தூங்கினாள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் எல்லாப் பழியையும் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவளாகிவிடவும் முடியவில்லை. பிளீயும் இதைச் சொல்கிறார்: ஊரில் ஏற்கெனவே புழங்கும் சாதாரண வெறுப்பிலிருந்துதான் அமைப்புகள் தம் கச்சாப்பொருளை எடுத்துக்கொள்கின்றன. என் அம்மா "ம" என்று பெயர் வெட்டி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்பதே அபத்தம். நாற்பது வருடமாக அதை உன் செப்புப் பட்டயம் என்று சொல்லி என்னைக் கேலி செய்கிறாய். மரகதத்துக்கு மரியாதையாகத் தனி டம்ளர் என்று அம்மா சொன்னதை நான் நம்பியதாக நடித்தேன், நீ நம்பியதாக நடித்தாய். அது அடுக்களையில் மற்ற டம்ளர்களோடு இருந்ததில்லை. பின்கட்டுத் திண்ணையில் கவிழ்ந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் எந்தச் சங்கத்திலும் சேர்ந்ததில்லை. தீபன் தவழ்ந்து நடந்தது அந்தத் திண்ணையில்தான். சங்கத்துக்காரன் அவனுக்குப் புதிதாக என்ன சொல்லிக்கொடுத்தான்? வீட்டில் சொல்லாமல் செய்ததைச் சத்தம் போட்டுச் சொல்லலாம் என்றான்.

வெளியே வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்றும் தேடினேன். உன் மில்வாக்கியிலேயே ஒருவர் இருக்கிறார், ஆர்னோ மைக்கேலிஸ் என்று. இனவெறி மொட்டைத்தலைக் குழுவொன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். விரலில் நாஜி ஸ்வஸ்திகா பச்சை குத்தியிருந்ததைப் பார்த்த, உணவுக் கடையில் வேலை செய்த வயதான கறுப்பினப் பெண்மணி, நீ இதைவிட நல்லவன் என்று சொன்னதை மறக்கமுடியவில்லை என்கிறார். உடனே திருந்திவிடவில்லை, வருடங்கள் ஆயின, பெண்குழந்தை பிறந்து தனியாக வளர்க்கவேண்டி வந்தபிறகே விலகினார். ஓக் கிரீக்கில் தன் தந்தையைப் பறிகொடுத்த பர்தீப் கலேக்காவும் இவரும் பின்னாளில் சேர்ந்து வேலை செய்தார்கள். நார்வேயில் 1997இலும் ஜெர்மனியில் 2000இலும் இதற்கென்றே அமைப்புகள் தொடங்கி, வெளியே வர நினைப்பவர்களுக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். உள்ளே கிடைத்த தோழமைக்கு ஈடாக வெளியே ஏதாவது இல்லையென்றால் காலை எங்கே வைப்பான்? இதையெல்லாம் படிக்கும்போது ஒரு கோபமும் வருகிறது: அந்தக் கடைப் பெண்மணி ஏன் பெருந்தன்மை காட்டவேண்டும்? காயம்பட்டவளே மருந்தும் அரைக்கவேண்டுமா? அதனால்தான் தீபனிடம் பேசு என்று உன்னைக் கேட்கமாட்டேன். அது என் வேலை, அவன் அப்பன் வேலை.

கத்தியதில் பலன் இல்லை என்பதால் வேறு வழி பார்க்கிறேன். வேலியைக் கட்ட ஆள் வேண்டும் என்று அழைத்தேன். இரண்டு ஞாயிறாக வருகிறான். சங்கத்தை விடவில்லை, பைக்கில் கொடி அப்படியே இருக்கிறது. அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், அவன் கேட்கவில்லை. பேச்சு பெரும்பாலும் கம்பி, ஆணி, அவன் அம்மாவின் மாத்திரை. அந்த டம்ளரைப் பற்றி மட்டும் ஒருநாள் முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டி அப்படிப்பட்டவங்க இல்ல" என்றான். சென்ற ஞாயிறு, ஜனவரியில் நீ வருகிறாய், இங்கேதான் தங்குவாய் என்றேன். "அவங்களுக்குத் தெரியுமா, நான் சொன்னது?" என்றான். எழுதப்போகிறேன் என்றேன். பதில் சொல்லாமல் வெகுநேரம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் படித்தபின் நீ ஏற்காட்டுக்கு வரவில்லை, சேலத்தில் உன் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொள்கிறாய் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அஸ்தம்பட்டிக்கு நானே பஸ் ஏறி வருகிறேன். வருவதானால் முழங்காலுக்கு மாட்டும் உறை ஒன்று வாங்கி வா, சாக்லேட் வேண்டாம். அந்த டம்ளர் என்னிடம்தான் இருக்கிறது. என்ன செய்வதென்று நீ சொல்லும்வரை தொடமாட்டேன்.

உன்
ராஜி